ஒலி அட்டையின் வரலாறும் மலைநாட்டுப் பாடலும்

ஓசை தோன்றிய இடத்திலேயே மறையும் இயல்பினது. ஓலையும் ஏடும் சொல்லைக் காத்தன. சொல்லைச் சுமந்துவந்த இசையைக் காக்க அவற்றால் இயலவில்லை. பழந்தமிழ்ப் பண்கள் பலவற்றின் பெயர்கள் நூல்களில் நின்று நிலவ, அவற்றின் ஓசை எவ்வாறு இருந்தது என்பது அறிஞரிடையே இன்றும் ஆராய்ச்சிப் பொருளாக இருத்தற்குக் காரணம் இதுவே. பண்டைக் காலத்துப் பாணர்க்கு நேர்ந்த அக்கேடு, இலங்கையின் மலைநாட்டுப் பெருந்தோட்டங்களில் வாழும் தமிழரின் பாடல்களையும் எதிர்நோக்கி நிற்கின்றது. வேறுபாடு ஒன்றே. பாணர் காலத்தில் ஓசையைப் பிடித்துவைக்கும் கருவி இல்லை. இக்காலத்தில் அது கடைகளில் விற்கப்படுகின்றது. ஆயினும் விற்கப்படும் கருவிகள் யாவும் ஒரே தொழிலுக்காக ஆக்கப்பட்டவை அல்ல.

கணினிக்கு ஒலியைத் தரும் உறுப்பாகிய ஒலி அட்டையை வாங்க முற்படுவோர் பெரும்பாலும் மூன்று நோக்கங்களைக் கூறுவர்: கணினி விளையாட்டு, இசை கேட்டல், இல்லத்திலேயே ஒலிப்பதிவு செய்தல். ஒரே அட்டை இம்மூன்றையும் செவ்வனே நிறைவேற்றும் என்று விளம்பரங்கள் கூறும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. விளையாட்டுக்காகவே இல்லக் கணினியின் ஒலி அட்டை பிறந்தது. பின்னர் இசை கேட்டற்கு ஏற்றதாக வளர்ந்தது. பதிவுக்குரிய கருவியாக அது மாறியது மிகப் பிந்தியே. இப்பிறப்பு வரிசையின் தழும்பு அக்கருவிகளில் இன்றும் காணப்படுகின்றது. அதனை அறியாது கருவியைத் தெரிபவர், காதுக்காகச் செய்யப்பட்ட பொருளைக் குரலுக்காக வாங்கியவராக முடிவர்.

கந்தப்பளை, நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் வழியில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 6,300 அடி உயரத்தில் அமைந்த சிற்றூர். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலப் பாதையில் ஒரு காலத்தில் புகையிரதம் ஓடியது. 1940களோடு அது மறைந்தது. தேயிலையும் மரக்கறித் தோட்டங்களும் பனிமூட்டமும் சூழ்ந்த இவ்வூரின் வாழ்வில் ஓசைக்குத் தனியிடம் உண்டு. விடியுமுன் தப்பு முழங்கித் தொழிலாளரைப் பிரட்டுக்களத்திற்கு அழைத்த காலம் இம்மலைநாட்டின் தோட்டங்கள் பலவற்றிற்கும் பொதுவானது. பிறந்த குழந்தைக்குத் தாலாட்டும், கொழுந்து கொய்வோர்க்கு வேலைப்பாட்டும், இறந்தோர்க்கு ஒப்பாரியும், மாசி மாதத்தில் காமன் கூத்தும், பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு முதலிய கூத்துகளும் ஏட்டில் எழுதப்படாமலே தலைமுறை தலைமுறையாக வந்தன. இப்பாட்டுகள் தாய்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கொண்டுவரப்பட்டவையும், இம்மலைகளிலேயே கங்காணியையும் துரையையும் கண்டு புதிதாகப் பிறந்தவையும் என இருதிறத்தன.

இவற்றைத் தொகுக்கும் பணியில் முன்நின்றவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). கவிஞராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கிய அவர், தோட்டமக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடி எழுதிவைத்தார். அவருடைய தொகுப்பு இல்லையேல் பல பாடல்களின் சொற்களே எஞ்சியிரா. ஆயினும் எழுதுகோல் செய்யக்கூடியது சொல்லைப் பிடித்தலே. ஒப்பாரியில் ஒரு சொல் எவ்வளவு நீளம் இழுக்கப்பட்டது, தப்பின் அடி எவ்விடத்தில் மாறியது, பாடுவோர் எங்கே மூச்சு விட்டனர் என்பனவற்றை எழுத்தில் வடிக்க வழியில்லை. தொழிலாளரிடையே பாடல்கள் பாடி அவர்களை எழுப்பிய மீனாட்சி அம்மாள் நடேசையரின் பாடல்களும் அச்சில் நிலைபெற்றவையே. மெட்டை அறிந்தோர்க்கு அச்சேறிய பாடல் நினைவூட்டும் குறிப்பாகும். அறியாதார்க்கு அது வெறுஞ் செய்யுளாகவே நிற்கும்.

இயந்திரத்தால் ஓசையைப் பதியும் கலை தமிழர்க்கு அறிமுகமாகிப் பல்லாண்டுகள் ஆகின்றன. 1902ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் சார்பில் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவிற்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் குரலைத் தகட்டில் பதிந்தார். சில ஆண்டுகளுள் சென்னையிலும் தகடுகள் எழுந்தன. அக்காலத்தில் பாடுவோர் ஒரு கொம்புக் குழலை நோக்கி உரத்துப் பாடவேண்டும். மின்சார ஒலிவாங்கியால் பதியும் முறை 1925இலேயே வழக்கிற்கு வந்தது. தகட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேல் ஓடும். எனவே பாடல்கள் அவ்வளவிற்குச் சுருக்கப்பட்டன. இராமுழுதும் நிகழும் கூத்தொன்றை அத்தகட்டில் அடைத்தல் எவ்வாறு கூடும்? அதே 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், எட்வேட் ஹாப்பரின் முயற்சியால் கொழும்பில் வானொலி தொடங்கியது. அது 1949இல் இலங்கை வானொலி என்னும் பெயரோடு வளர்ந்து, தமிழ்ச் சேவையால் கடல் கடந்தும் புகழ் பெற்றது. ஆயினும் கலையகம் கொழும்பிலே இருந்தது. பாடுவோர் கலையகத்தை நாடிச் செல்லவேண்டும். நாட்கூலியை விட்டுச் செல்ல இயலாத ஒரு கொழுந்துக்காரியின் குரலுக்கு அது எட்டாத தொலைவே.

இதற்கிடையில் ஒரு பெரும்பிரிவு நிகழ்ந்தது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இல் தீர்க்கப்பட்டது. குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்குக் கப்பலேறியோர் பலர் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மீண்டும் தேயிலைத் தோட்டங்களிலேயே குடியமர்ந்தனர். பாட்டின் ஒரு பாதியை அறிந்தவர் இங்கும், மறுபாதியை அறிந்தவர் அங்குமாயினர் என்றல் மிகையன்று. 1984இல் அக்கப்பற் போக்குவரத்தும் நின்றது. இல்லக் கணினியில் குரலைப் பதியும் அட்டை சந்தைக்கு வந்ததோ 1989இல். மக்கள் பிரிந்து முடிந்த பின்னரே கருவி வந்தது. நடுவே ஒலிநாடாப் பேழை ஒருவாறு உதவியது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட அந்நாடாவில் தமிழர் கடிதத்திற்குப் பதிலாகப் பேச்சையே பதிந்து அனுப்பிய வழக்கமும் உண்டு. ஆனால் நாடா ஈரத்தில் கெடும். படிக்குப் படி இரைச்சல் பெருகும். மலைநாட்டின் ஈரமோ சொல்லவேண்டியதில்லை.

இனி ஒலி அட்டையின் பிறப்பை நோக்குவோம். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியில் ஒலிக்கென இருந்தது ஒரு சிறு ஒலிபெருக்கி மட்டுமே. அலுவலகத்திற்கென ஆக்கப்பட்ட அப்பொறிக்குப் பிழையை அறிவிக்கும் ‘பீப்’ ஒலியே போதுமென்று கருதப்பட்டது. கொமடோர் 64 முதலிய இல்லக் கணினிகள் 1982 தொடக்கம் இனிய ஒலி எழுப்புங்கால், விலைமிக்க ஐ.பி.எம். கணினி ஊமையாக நின்றது விந்தையே. அக்குறையை நீக்க முன்வந்தோர் இருவர். இருவரும் பெருநிறுவனத்தார் அல்லர், இசை நாட்டமுடையோர் என்பது கருதத்தக்கது.

ஒருவர் கனடாவின் கியூபெக் நகரத்து மார்ட்டின் பிரேவெல். இலவால் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய அட்லிப் நிறுவனம் 1987இல் வெளியிட்ட அட்டையில் யமஹாவின் சிறு சில்லொன்று இருந்தது. ஓர் அலையின் மீடிறனை மற்றோர் அலையால் அசைத்து வளமான ஒலிகளைப் பிறப்பிக்கலாம் என்பதை 1967இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தவர் ஜோன் சௌனிங். யமஹா அம்முறைக்கு உரிமம் பெற்றிருந்தது. அட்லிப் அட்டை ஒன்பது குரல்களை ஒரே நேரத்தில் எழுப்பும். சியெரா நிறுவனம் 1988இல் வெளியிட்ட விளையாட்டுகளுக்கு அது இசையூட்டியது. எனினும் அதற்குச் செவி இல்லை. ஒலிவாங்கியை மாட்ட அதில் ஒரு துளையேனும் கிடையாது. மனிதக் குரலைக் கேட்கவும் பதியவும் அதனால் ஆகாது.

மற்றவர் சிங்கப்பூரின் சிம் வோங் ஹூ (1955–2023). இளமையில் மவுத் ஆர்கன் வாசிப்பில் ஈடுபட்ட இவர், தம் பள்ளித் தோழர் இங் கை வாவுடன் 1981இல் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கினார். 1986இல் பேசவும் பாடவும் வல்ல ஒரு கணினியை ஆக்கினர், அது விலைபோகவில்லை. தோல்வியுற்ற அக்கணினியின் ஒலிப்பகுதியைத் தனி அட்டையாக்கும் எண்ணம் அதன்பின் எழுந்தது. 1989இல் வெளிவந்த சவுண்ட் பிளாஸ்டர், அட்லிப் செய்த அனைத்தையும் செய்தது, அதற்கு மேல், பதிவான ஒலியை மீட்டு ஒலித்தது, ஒலிவாங்கியை ஏற்றது. இவற்றினும் அதனை விற்றது வேறொன்று என்பர். விளையாட்டுக் கைப்பிடியை இணைக்கும் வாயில் அவ்வட்டையிலேயே இருந்தமையால், அதற்கெனத் தனி அட்டை வாங்கும் செலவு மிச்சமாயிற்று. 1992இல் அட்லிப் நொடிந்தது. அதே ஆண்டில் கிரியேட்டிவ் நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்ற முதலாவது சிங்கப்பூர் நிறுவனமாயிற்று.

இம்முதல் சவுண்ட் பிளாஸ்டரின் இரண்டு எண்கள் இவ்வரலாற்றின் திறவுகோல் எனலாம். ஒலியைக் கணினி எண்களாகவே அறியும். ஒரு வினாடியில் பலமுறை அலையின் உயரத்தை அளந்து எழுதிவைத்தலே பதிவு. அவ்வெண்களைக் கொண்டு அலையை மீண்டும் வரைதலே ஒலித்தல். எத்தனை முறை அளக்கப்படுகின்றதோ அதன் பாதி மீடிறன் வரையுள்ள ஒலியே பிடிபடும். அவ்வட்டை ஒலிக்கும்போது வினாடிக்கு ஏறத்தாழ 23,000 மாதிரிகளைக் கையாண்டது. பதியும்போதோ 12,000 மட்டுமே. அஃதாவது, காதுக்குக் கொடுத்ததில் பாதியே குரலுக்குக் கொடுத்தது. 6,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஓசை யாவும் பதிவில் விழுந்துபோம். சகரத்தின் கூர்மையும், தப்பில் குச்சி படும் சுருக்கென்ற ஓசையும் பெரிதும் அவ்வெல்லைக்கு மேலேதான் வாழ்வன. அன்றியும் ஒவ்வோர் அளவும் எட்டு பிட்டில் எழுதப்பட்டமையால் 256 படிகளே இருந்தன. பாட்டு மெலிந்து அடங்குமிடம் இரைச்சலில் மூழ்கிவிடும். விளையாட்டில் வெடியோசை கேட்பித்தற்கு இவை போதும். ஒரு மூதாட்டியின் தாலாட்டைக் காப்பதற்குப் போதா.

பின்வந்த வளர்ச்சி விரைவானது. பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் 1982இல் வெளியிட்ட இறுவட்டு, வினாடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட் என்னும் அளவை நிறுவியிருந்தது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரையே கேட்குமாதலின் அவ்வெண் தெரியப்பட்டது. 16 பிட்டில் 65,536 படிகள் உண்டு. 1992இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 இவ்வளவை எட்டியது. எட்டியும் என்? அவ்வளவில் இருசெவி ஒலிக்கு நிமிடமொன்றுக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். அக்காலத்து இல்லக் கணினியின் வட்டோ நூறு, இருநூறு மெகாபைட் அளவினது. ஒரு கூத்தின் காப்புப் பாடலோடு வட்டு நிறைந்துவிடும்.

அதே 1992இல் ‘ரோஜா’ திரைப்படத்தின் வாயிலாக ஏ. ஆர். ரகுமான் அறிமுகமானார். சென்னை கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தை ஒட்டி அமைத்த சிறு கலையகத்தில் கணினியும் மின்னணு இசைக்கருவிகளும் கொண்டு அவர் இசை ஆக்கியமை, பெருங்கூடங்களில் வாத்தியக்குழுவை நிரப்பிப் பதிந்த தமிழ்த் திரையிசையின் வழக்கத்தை மாற்றியது. வீட்டிலிருந்தே தரமான பதிவு எழக்கூடும் என்பதைத் தமிழ் இளைஞர் அதன்பின்னரே நம்பலாயினர். ஆனால் அவர் கையாண்டவை தொழில்முறைக் கருவிகள். அவற்றை விளையாட்டு அட்டையோடு ஒருங்கு எண்ணுதல் பொருந்தாது.

இசை கேட்போரின் தேவை நிறைவேறிய கதையைச் சுருங்கக் கூறின் அமையும். 1997இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.சி. 97 என்னும் அமைப்பும், 2004இல் அதனை அடுத்து வந்த அமைப்பும் ஒலிச் சில்லைத் தாய்ப்பலகையிலேயே பதித்தன. தனி அட்டை இல்லாமலே ஒவ்வொரு கணினியும் பாடத் தொடங்கியது. இறுவட்டின் தரத்தைத் தாய்ப்பலகைச் சில்லு இன்று எளிதில் எட்டுகின்றது. எனவே இசை கேட்டல் ஒன்றையே வேண்டுவோர் அட்டைக்குச் செலவிடும் பணத்தை நல்ல காதணி ஒலிபெருக்கிக்குச் செலவிடல் அறிவுடைமை. கணினியின் உள்ளே எழும் மின்னிரைச்சல் காதில் விழுமாயின், வெளியே யூ.எஸ்.பி. வழி இணையும் சிறு மாற்றியொன்று அதனைப் போக்கும். பெரிய எண்களைக் காட்டி விற்கப்படும் 192 கிலோ ஹேர்ட்ஸ் முதலியன கேட்டற்கு யாதொரு பயனும் தருவதாகத் தெரியவில்லை. வௌவாலுக்கு வேண்டுமாயின் உதவலாம்.

விளையாட்டு அட்டைகளின் பொற்காலம் 1998 முதல் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு நீடித்தது. அவ்வாண்டில் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ், குகையின் எதிரொலியையும் மண்டபத்தின் எதிரொலியையும் தானே கணித்துத் தந்தது. ஆனால் எவ்வொலியையும் உள்ளே 48,000 மாதிரியாக மாற்றியே கையாளும் வழக்கம் அதற்கிருந்தமையால், 44,100 மாதிரி கொண்ட இறுவட்டு இசையை விரும்புவோர் அதனைக் குறைகூறினர். விளையாட்டுக்கு நன்றானது இசைக்கு அவ்வாறே நன்றாகாமைக்கு இஃது ஒரு சான்று. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா, விளையாட்டுகள் அட்டையின் வன்பொருளை நேரே ஏவும் வழியை அடைத்தது. கணினியின் முதன்மைச் செயலியும் அதற்குள் பேராற்றல் பெற்றுவிட்டது. இன்று விளையாட்டின் திசையொலியைக் கணிப்பது பெரும்பாலும் மென்பொருளே. பகைவன் இடப்புறம் வருகின்றானா பின்புறம் வருகின்றானா என்பதை உணர இரண்டு செவிக்கும் நன்கு பொருந்திய காதணியே முதல் தேவை.

மூன்றாவதாகிய ஒலிப்பதிவே நின்று ஆராயவேண்டிய பகுதி. விளையாட்டு அட்டைகளில் ஒலிவாங்கிக்கென உள்ள சிறு துளை, பேசுவதற்கென வந்தது, பாடுவதற்கு அன்று. ஒலிவாங்கி தரும் மின்சமிக்ஞை மிக நுண்ணியது. அதனை இரைச்சலின்றிப் பெருக்கும் முன்பெருக்கியே பதிவின் உயிர். ஆயிரம் அலங்கார விளக்குகள் மின்னும் அட்டையில் இவ்வுறுப்பு மலிவானதாக இருப்பின் பதிவு முழுதும் சீறும் ஓசை கேட்கும். இக்காரணத்தால் பதிவுக்குரிய கருவி கணினிப் பெட்டியைவிட்டு வெளியே வந்தது. ஒலி இடைமுகம் என வழங்கும் சிறு பெட்டிகள் யூ.எஸ்.பி. கம்பியால் இணைவன. அவற்றுள் மூன்று துளையுள்ள தடித்த செருகியும், நுண்மையான ஒலிவாங்கிகளுக்கு வேண்டும் 48 வோல்ற்று மின்னழுத்தமும் உண்டு. மின்சாரக் கம்பிகளிலிருந்து கசியும் 50 ஹேர்ட்ஸ் முரலொலியை இம்மூன்று கம்பி இணைப்பே தன்னுள் அழித்துக்கொள்ளும். கணினியின் இயக்கத்தால் எழும் மின்னிரைச்சலுக்கும் தொலைவாகின்றது.

அடுத்தது தாமதம். பாடுவோர் தம் குரலைக் காதணியில் கேட்டுக்கொண்டே பாடுமிடத்து, அக்குரல் கணினிக்குள் சென்று மீள்வதற்குள் பின்தங்கும். சாதாரண இயங்குதளத்தின் வழியில் அத்தாமதம் பெரிதாயிருந்தமை கண்டு, ஜேர்மனியின் ஸ்டைன்பேர்க் நிறுவனம் 1997இல் ஆசியோ என்னும் குறுவழியை வகுத்தது. கணினி ஒரு தடவையில் 1,024 மாதிரிகளைச் சேர்த்து அனுப்பின், 48,000 மாதிரி அளவில் 21 மில்லி வினாடி செல்லும். அதற்குள் காற்றில் ஒலி ஏழு மீற்றர் நடந்துவிடும். தப்படிப்பவர் அவ்வளவு தொலைவில் நிற்பது போல அது பாடுவோர்க்குத் தோன்றும். போக்கும் வரவும் சேரின் இரட்டிக்கும். 128 மாதிரியாகக் குறைப்பின் மூன்று மில்லி வினாடிக்கும் குறைவே. விளையாட்டு அட்டையின் விளம்பரத்தில் இவ்வெண் காணப்படுவதில்லை. இடைமுகங்கள் பலவற்றிலோ, குரலைக் கணினிக்குள் செலுத்தாமலே நேராகக் காதுக்கு அனுப்பும் வசதி உண்டு. அது நாடற்பாலது.

காமன் கூத்தைப் பதிய விரும்பும் ஓர் இளைஞர்க்கு இவை எவ்வாறு பொருந்துமென நோக்கின், இரண்டு ஒலிவாங்கிகளேனும் ஏற்கும் இடைமுகமும், 24 பிட் அளவும் வேண்டப்படும். தீயில் வாட்டி விறைத்த தப்பின் முதல் அடி பேரோசை உடையது; அதனையடுத்து வரும் இரதியின் புலம்பலோ மெல்லியது. 16 பிட்டில் பெருவொலிக்கும் சிற்றொலிக்கும் இடையே 96 டெசிபெல் இடமுண்டு எனினும், தப்பு எல்லையைக் கடவாதிருக்க அளவைத் தாழ்த்திவைத்தால் புலம்பல் அடித்தளத்தை நெருங்கும். 24 பிட்டிலோ அளவைத் தாராளமாகத் தாழ்த்திவைத்தும் புலம்பலைத் தெளிவாக மீட்கலாம். ஒரு வாங்கி பாடுவோர்க்கு அருகிலும், மற்றது தப்பிலிருந்து ஓரிரு பாகம் விலகியும் நிற்றல் நன்று. தப்பை முகத்துக்கு முகம் வைத்துப் பதிந்தால் அடி மட்டும் விழும், முழக்கம் விழாது.

கருவிக்கு நிகராக இடமும் கருதப்படவேண்டும். லயத்து அறை சிறியது, சுவர் கடியது, அடுத்த வீட்டுப் பேச்சு ஊடுருவுவது, தகரக் கூரையில் மழை விழுமாயின் எவ்விடைமுகமும் கைகொடாது. ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளர் மழைக்கும் குளிருக்கும் போர்த்திய கம்பளி இங்கு எதிர்பாராத உதவி செய்யக்கூடும்: தடித்த கம்பளிகளைச் சுவரோரம் தொங்கவிடின் எதிரொலி பெரிதும் தணியும். விலையுயர்ந்த நுரைப்பலகைகள் செய்வதும் ஏறத்தாழ இதுவே. இடிமின்னற் காலத்தில் சுவர்ச் செருகியிலிருந்து கணினியைக் கழற்றிவிட்டு, மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினியால் பதிதல் கருவிக்கும் ஆளுக்கும் காப்பு.

கைப்பேசி இருக்க இவ்வளவு ஆரவாரம் எற்றுக்கு என வினவுவோர் உளர். அவ்வினா தள்ளத்தக்கதன்று. கைப்பேசியிலும் ஒலிச் சில்லு உண்டு. அதுவும் இல்லாதபோது இழப்பு முழுமையாகும். ஆனால் அதன் மென்பொருள் பேச்சைத் தெளிவாக்கும் நோக்கில் பெருவொலியைத் தானே அமுக்கும். நீண்டு தேயும் ஓசையை இரைச்சலெனக் கொண்டு வெட்டும். ஒப்பாரியின் இழுப்பையும் தப்பின் கார்வையையும் அது பகையாகக் கருதுகின்றது என்றே சொல்லலாம். செய்திப் பரிமாற்றச் செயலி வழியாக அனுப்பப்படின் மேலும் சுருங்கும். தானியங்குத் திருத்தங்களை நிறுத்திச் சுருக்கப்படாத வடிவில் பதியும் செயலியைக் கைக்கொண்டு, வெளி ஒலிவாங்கி ஒன்றையும் இணைத்தால் இக்குறைகளுட் பல நீங்கும்.

மென்பொருளுக்குப் பொருள் செலவிட வேண்டுவதில்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தோன்றி 2000ஆம் ஆண்டில் வெளியான ஓடாசிற்றி இலவசமாகவே கிடைக்கின்றது; அதன் பழமை அதற்குக் குறையன்று. 24 பிட், 48,000 மாதிரி, இரண்டு தடம் என்னும் அளவில் சுருக்காமல் பதியின் மணிக்கு ஒரு கிகாபைட்டுக்குச் சற்று மேல் செல்லும். எட்டு மணிநேரக் கூத்து ஏறத்தாழ எட்டு கிகாபைட் ஆகும். 1992இன் வட்டுக்கு எட்டாத இவ்வளவு இன்று விரல்நுனியளவு நினைவுச் சில்லில் அடங்கிவிடுகின்றது. எனினும் ஈரமும் மின்னலும் உள்ள ஊரில் ஒரே சில்லை நம்புதல் தகாது. ஒரு படி வீட்டிலும், ஒரு படி ஊருக்கு வெளியே நூலகத்திலோ கல்லூரியிலோ இருத்தல் வேண்டும்.

பதிவு தொடங்கும்போது முதல் நிமிடத்தை வாய்மொழிக் குறிப்புக்கு விடும் வழக்கம் நாட்டாரியல் ஆய்வாளரிடையே உண்டு. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், நாள், பாடுவோர் விரும்பின் அவர் பெயர், இப்பாட்டை யாரிடம் கற்றார், அவர் தாய் எவ்வூரிலிருந்து வந்தவர் என்பன அக்குரலோடு சேர்ந்தே பதிவாகவேண்டும். கோப்பின் பெயர் மாறிவிடலாம். குரலுக்குள் இருக்கும் குறிப்பு மாறாது. கந்தப்பளையில் பாடப்படும் ஒரு தாலாட்டும், கப்பலேறிச் சென்றோர் கோத்தகிரியில் பாடும் அதே தாலாட்டும் ஒருங்கு வைத்துக் கேட்கப்படும் நாளில், எவ்வடி இங்கு மறைந்தது, எம்மெட்டு அங்கு மாறியது என்பதை அக்குறிப்புகளே காட்டித்தரும்.